பச்சை வெல்வெட் கோட்டு

பிப்ரவரி 6, 1973
வெல்வெட், பொத்தான், நூல்: செலவுக் கணக்கில் ஏற்றினேன். புது இசைத்தட்டின் அட்டைப் படத்துக்குக் குழுவில் நாலு பேருக்கும் பச்சைக் கோட்டு வேண்டுமாம். என் கணவர் க்ளெம் வயலின், தம்பி வில்ஃப் கித்தார். யார்க்‌ஷயர் ஆட்டிடையர் பாட்டுகளை மின்கித்தாரோடு கோர்த்து இந்தக் குழுவைத் தொடங்கியதே வில்ஃப்தான். இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு கிடக்கிறான். சீக்கிரம் கூடட்டும், ஆண்டவரே.

பிப்ரவரி 9
வில்ஃபின் அளவை க்ளெம் கொண்டுவந்தார். கை இரண்டங்குலம் கூடுதல்.
"இந்த வயசுல கை வளருமா?"
"மாவுக்கட்டை மறைக்கணும்ல. நீ தை."
சரிதான் என்று பட்டது.

பிப்ரவரி 14
முடிந்தது. வில்ஃபின் உள்பையில் மட்டும் சின்னதாக ஒரு சிலுவை தைத்தேன்.

பிப்ரவரி 17
தேநீர்க் கூடையோடு படமெடுக்கும் இடத்துக்குப் போனேன். கல்மதிலருகே நாலு பேர். வில்ஃப் இல்லை. அவன் கோட்டில் லண்டன்காரன் ஒருவன், ஜூலியனாம். கை நீளம் கச்சிதமாக இருந்தது.
"அழகா தைச்சிருக்கீங்கக்கா" என்றான்.
க்ளெம் தரையைப் பார்த்தார்.
"வில்ஃபுக்குத் தெரியுமா?"
"சொல்லணும். ஏப்ரல்ல கச்சேரி. அவன் கை கூடுற வரைக்கும் உக்காந்திருக்க முடியுமா?"
முடியாதுதான். அதற்கு என்னிடம் ஏன் பொய்? என் கையாலேயே தைக்க வெச்சுட்டாரே — என் தம்பி இடத்துக்கு வந்தவனுக்கு.

பிப்ரவரி 18, ஞாயிறு
ஆலயத்தில், ஜெபத்தில் 'நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்று வரும் இடத்தில் வாய் மூடிக்கொண்டது. பிறகு வில்ஃபிடம் நானே போய்ச் சொன்னேன்.
"கோட்டு நல்லா வந்துச்சாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

மார்ச் 3
க்ளெமுக்குச் சாப்பாடு வைக்கிறேன். பேசுவதில்லை.

நவம்பர் 22
டிரம் வாசிக்கும் ரெஜ் ஃபோன் செய்தான். ஜூலியன் தன் நண்பனை வயலினுக்குக் கூட்டி வந்திருக்கிறானாம்.
"அக்கா, க்ளெம் கோட்டை இடுப்புல கொஞ்சம் பிடிச்சுத் தாங்களேன். புது ஆள் ஒல்லி."
"க்ளெம்கிட்ட சொல்லியாச்சா?"
"நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."
க்ளெம் பின்னால்தான் நின்றார். முடியாது என்று ஃபோனை வைத்தேன். சந்தோஷப்படக் கூடாதென்று ஜெபித்தேன். கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்தான்.

நவம்பர் 25, ஞாயிறு
மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு. மூன்று தட்டு வைத்தேன். வில்ஃப் உள்ளே வந்ததும் க்ளெம் எழுந்து வெளியே போகப் பார்த்தார்.
"உக்காருங்க மச்சான், ஆறிடும்" என்று குழம்புக் கிண்ணத்தை இடக்கையால் அவர் பக்கம் தள்ளினான். சுண்டுவிரல் இன்னும் மடங்கவில்லை.