இடது பாதம்

டொலிடோ, ஒஹாயோ, அமெரிக்கா
1996 மார்ச் 4

மதிப்பிற்குரிய நியோலே அம்மையாருக்கு,

லாய்ட் மெக்கேப் எழுதுவது. போன மாதம் எங்கள் கூடைப்பந்து அணிக்கு ஆள் தேடி, உங்கள் மகன் ஆரிமாஸின் ஆட்டத்தைப் பார்க்க லிதுவேனியா வந்து, உங்கள் சமையலறையில் மூன்று உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைகளைத் தின்றுவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேனே, அதே ஆள்தான். நீங்கள் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர். அதனால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

நேற்று எங்கள் அணியின் கூட்டம். ஜூன் கடைசியில், அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் எங்கள் முறை பதினொன்றாவது. எங்கள் முறை வரும்போது ஒரே ஒரு பையனின் பெயரைத்தான் சொல்ல முடியும். ஆரிமாஸின் டேப்பைப் போட்டுக் காட்டினேன். ஏழடி ஒரு அங்குல ஆள், பின்னால் யார் ஓடி வருகிறார்கள் என்று திரும்பாமலே பந்தைத் தட்டிக் கொடுப்பதைப் பார்த்து இரண்டு பேர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். மேனேஜர் பக் மட்டும் அசையவில்லை.

"ஏய் லாய்ட், கடல் தாண்டி இருந்து ரெண்டு நெட்டையனுங்கள எடுத்தோம். என்ன ஆச்சு? ஒருத்தன் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவன் திரும்பியே வரல. இன்னொருத்தன் ரூமை விட்டே வெளிய வரல. இவன் தாங்குவானா? அத மட்டும் சொல்லு" என்றார்.

அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். தனியாக இருக்கத் தாங்குவானா? உடம்பில் நாங்கள் அறியாதது ஏதாவது இருக்கிறதா? இதெல்லாம் பயிற்சியாளரைவிடத் தாய்க்குத்தான் தெரியும்.

உங்கள் விருந்துக்கு மறுபடியும் நன்றி.

இப்படிக்கு,
லாய்ட் மெக்கேப்

உதேனா
1996 மார்ச் 27

மதிப்பிற்குரிய லாய்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பதினெட்டு நாள் பயணம் செய்து வந்தது. இங்கே இன்னும் பனி உருகவில்லை.

ஒரு குறை சொல்லட்டுமா? அவனுடைய கை நீளத்தை அளந்தீர்கள், உள்ளங்கையை அளந்தீர்கள். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்பது அவனுக்குப் பிடிக்கும். அடுப்புப் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டு, "அம்மா, கிளைப்பெடால காத்து பலமாம், படகெல்லாம் போகாதாம்" என்பான், எங்களுக்கு ஏதோ படகு இருப்பதுபோல. அப்படிப் பேச அங்கே ஓர் ஆள் கிடைத்தால் தாங்குவான்.

அவன் அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. நானும் ஒரு காலத்தில் இந்த ஆட்டத்தில் நடு ஆட்டக்காரியாக இருந்தவள். முழங்கால் போகும்வரை ஆடினேன். அணித் தேர்வுக்கு முந்திய நாட்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் இரவெல்லாம் புரள்கிறான்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. குளிர்காலத்தில் சளி பிடிக்கும், அவ்வளவுதான்.

வணக்கத்துடன்,
நியோலே

சாக்ரெப்
1996 ஏப்ரல் 20

அன்புள்ள நியோலேவுக்கு,

உங்கள் கடிதம் டொலிடோ போய் அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தது. ஓட்டல் ஜன்னலுக்கு வெளியே மழை. இருபத்திரண்டு வருடங்களாக மற்றவர் வீட்டுப் பிள்ளைகளைத் தேடி அலைகிறேன். என் சொந்த மகன் டேல் ஓரிகனில் இருக்கிறான். போன வாரம் அழைத்தேன். "முக்கியமா எதுவும் இல்லையே அப்பா?" என்றான். இல்லை என்றேன். சரி என்று வைத்துவிட்டான். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இந்த மாதத்தில் வேலைக்காக அல்லாமல் நான் எழுதும் ஒரே கடிதம் இதுதான்.

நல்ல செய்தி. நேற்று பக்கைத் தொலைபேசியில் அழைத்து, ஆரிமாஸை எடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன். "உன் பேர பணயம் வைக்கிறியா?" என்றார். "வைக்கிறேன்" என்றேன். வானிலை அறிக்கையைச் சொன்னதும் சிரித்தார். அவர் சிரித்தால் பாதி சம்மதம்.

அன்புடன்,
லாய்ட்

உதேனா
1996 மே 15

அன்புள்ள லாய்டுக்கு,

உங்கள் பெயரைப் பணயம் வைத்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

நான் பொய் சொன்னேன். இரண்டு வருடங்களுக்கு முன் அவனுடைய இடது பாதத்தின் நடு எலும்பில் விரிசல் விட்டது. கிளப்பில் தெரிந்தால் இடம் போய்விடும் என்று, என் தங்கைக்கு உடம்பு சரியில்லை, துணைக்குப் போகிறான் என்று சொல்லி ஏரிக்கரையில் அவள் வீட்டில் எட்டு வாரம் கட்டுப் போட்டு வைத்திருந்தேன். தெரிந்த மருத்துவர் ஒருவர் பார்த்தார். எங்கேயும் பதிவு இல்லை. இப்போது ஓடுகிறான், குதிக்கிறான். ஆனால் அந்த எலும்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். எங்கள் அணியில் ஒருத்திக்கு அது இரண்டாம் முறையும் விரிசல் விட்டது. அதன்பிறகு அவள் ஆடவே இல்லை.

ஏன் இப்போது சொல்கிறேன்? கால் முறியும் என்ற பயமா, சாப்பாட்டு மேஜையில் ஒரே ஒரு தட்டு வைக்க வேண்டிவரும் என்ற பயமா? எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. பயமென்று வந்தபிறகு அதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவனை எடுங்கள். இதை உங்கள் மனதோடு வைத்துக்கொண்டு, முதல் வருடம் அதிகம் ஓடவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

நியோலே

டொலிடோ
1996 ஜூன் 10

அன்புள்ள நியோலேவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு நாட்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் நாள் பக்கிடம் சொல்லிவிட்டேன்.

யார் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "நல்லவேளை, இப்பவாவது சொன்ன" என்று தோளில் தட்டினார். அந்தக் கை விழுந்த இடம் இன்னும் எனக்கு உறுத்துகிறது. பதினொன்றாவது முறைக்கு வேறு பையனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் செய்தி மற்ற அணிகளின் காதுக்கும் போகும். எக்ஸ்ரே கேட்பார்கள். ஒருவேளை நல்ல மருத்துவர் ஒருவர் பார்ப்பது அவனுக்கு நல்லதாகவே முடியலாம். இப்படிச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்கிறேன் என்று நீங்கள் நினைத்தால், அதுவும் சரிதான்.

லாய்ட்

உதேனா
1996 ஜூலை 9

லாய்ட் அவர்களுக்கு,

எக்ஸ்ரே கேட்டார்கள். இடது பாதத்தை மட்டும். அவனுக்காக அணிகளுடன் பேசும் ஏஜெண்ட் தொலைபேசியில் இதைச் சொன்னதும் ஆரிமாஸ் என் முகத்தைப் பார்த்தான்.

"நீதானே?" என்றான்.

"ஆமாம்" என்றேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேற்குக் கடற்கரை அணி ஒன்று எக்ஸ்ரேயைப் பார்த்து, எலும்பு கூடிவிட்டது என்று சொல்லி இருபத்தேழாவதாக எடுத்துக்கொண்டது. இரண்டாம் தேதி கிளம்பினான். பேருந்து நிலையத்தில் என் தங்கையைக் கட்டிக்கொண்டான். என்னிடம், "கதவைப் பூட்டிக்க, வரேன்" என்றான். அவ்வளவுதான்.

உங்கள் மேல் கோபமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. இனிமேல் எழுத வேண்டாம்.

நியோலே

உதேனா
1997 ஜனவரி 14

லாய்ட் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றவளே எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை. அட்டை வந்தது. அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே பெயர் மட்டும். ஆகஸ்டில் மூன்று தடவை அழைத்தேன். கூட இருப்பவன் எடுத்து, அவன் இல்லை என்றான். பின்னாலேயே ரேடியோ கேட்டது. அதன் பிறகு நான் அழைக்கவில்லை.

பிப்ரவரி 12 அன்று அவன் அணி உங்கள் ஊருக்கு வருகிறதாம், செய்தித்தாளில் பார்த்தேன். எனக்காகப் போய்ப் பாருங்கள். எத்தனை கூடை போட்டான் என்று எழுத வேண்டாம், அது செய்தித்தாளில் வரும். எப்படி நடக்கிறான் என்று பார்த்து எழுதுங்கள். இதைக் கேட்க எனக்கு வேறு யாருமில்லை.

நியோலே

டொலிடோ
1997 பிப்ரவரி 13

அன்புள்ள நியோலேவுக்கு,

பார்த்தேன். ஒன்பது நிமிடம்தான் ஆடவிட்டார்கள். நாங்கள் அவனுக்குப் பதிலாக எடுத்த பையன் முப்பத்தைந்து நிமிடம் ஆடினான். நன்றாகவே ஆடினான். ஆனால் ஆரிமாஸ் திரும்பாமல் தட்டிவிட்ட ஒரு பந்துக்கு எங்கள் ஊர்க்காரர்களே வாயைப் பிளந்தார்கள். பக் என் பக்கம் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்து அவர்களுடைய பேருந்துக்குப் பக்கத்தில் நின்றேன். கடைசியாகத்தான் வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"எங்க அம்மா அனுப்பினாங்களா?"

"ஆமா."

"என்ன பாத்துட்டு வரச் சொன்னாங்க?"

"நீ எப்படி நடக்கிறன்னு."

சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "எப்படி நடக்கிறேன்?"

"நல்லாத்தான் நடக்கிற."

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தான். "ராத்திரி நல்லாத்தான் இருக்கும். காலைல எந்திரிச்சதும்தான் கஷ்டம். சுவத்தப் பிடிச்சுக்கிட்டு பத்து நிமிஷம் நிக்கணும். எங்க டாக்டருக்குத் தெரியாது. அம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க. வேற யார்கிட்டயும் வேணாம்."

"நீயே சொல்லேன்."

"ஏழு மாசமாச்சு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். தலையைக் குனிந்து ஏறிப் போய்விட்டான்.

ஒருமுறை நீங்கள் என்னை நம்பிச் சொன்னதை ஆபீஸ் மேஜையில் வைத்தேன். இந்தமுறை இந்தக் காகிதத்தில் தவிர வேறெங்கும் எழுதவில்லை. இது சரியா என்று தெரியவில்லை. போன தடவை செய்தது சரியா என்பதும் இன்றுவரை தெரியவில்லை. மருத்துவரிடம் போ என்று நான் சொன்னால் கேட்க மாட்டான். நீங்கள் சொன்னால் கேட்பான்.

இப்போது அவன் தனி வீட்டில் இருக்கிறானாம். அந்த எண்ணை ஏஜெண்டிடம் வாங்கி அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அங்கே காலை ஏழு மணி என்றால் உங்களுக்கு மாலை ஐந்து. அந்த நேரத்தில்தான் அவன் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்போது கூப்பிடுங்கள்.

உங்கள்,
லாய்ட்