திருப்பிச் சொன்ன உத்தரவு

மார்ச் 3, செவ்வாய்

காலை ஷிஃப்ட். மேற்கு லைன் மூன்றிலும் சேர்த்து நானூற்றுப் பத்து மெகாவாட் ஓடியது. கோளாறு ஒன்றும் இல்லை. லைனில்தான் இல்லை என்று சொல்கிறேன். நாட்டைக் கேட்டால் வேறு பதில்.

இன்றிலிருந்து கொஞ்சம் விவரமாக எழுதலாம் என்றிருக்கிறேன். இருபது வருஷமாகச் செய்கிற வேலையை எனக்கு நானே எதற்கு விளக்கிக்கொள்ள வேண்டும்? ஒரு நாள் இதெல்லாம் இல்லாமல் போய்விடுமோ என்கிற பயம், வேறென்ன. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், கிழக்கு மின் கட்டுப்பாட்டு அறை. அந்தப் பக்கம் மேற்கு. அவர்கள் எரிக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி எங்களிடமிருந்து போகிறது. ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிடம் முன்னால் போன் போட்டு இரண்டு பக்கமும் எண்களைப் படிப்போம். ஒருவர் படித்ததை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்லி, கடைசியில் "சரியா?" என்று கேட்க வேண்டும். உத்தரவு யார் கொடுத்தாலும் இதே முறைதான். வாயால் திருப்பிச் சொல்லாமல் ஸ்விட்சில் கை வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் கடைக்குப் போகச் சொன்னால்கூட "சோப்பு இரண்டு, தீப்பெட்டி ஒன்று, சரியா?" என்று கேட்டுத் தொலைக்கிறேன். அவருக்கு அதில் தினமும் ஒரு சிரிப்பு.

மேற்கில் என் ஷிஃப்டில் இருப்பவரைப் பதினோரு வருஷமாகக் குரலாக மட்டும் தெரியும். நான் அண்ணா என்பேன், அவர் தங்கச்சி என்பார். இன்று எண்களை முடித்ததும், "உங்க ஆளுங்க ஏதோ புதுச் சட்டம் கொண்டு வர்றாங்களாமே தங்கச்சி?" என்றார். "உங்க ஆளுங்க தனி நாடு கேக்கறாங்களாமே?" என்றேன். இருவரும் சிரித்தோம். என் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அக்கா அந்தப் பக்கம் இருக்கிறாள். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுத்திருக்கிறாள்.

மார்ச் 5

சட்டம் வந்துவிட்டது. யாரையும் காரணம் சொல்லாமல் தொண்ணூறு நாள் பிடித்து வைக்கலாமாம். பேப்பரில் முதல் பக்கத்தில் பாதி அச்சடிக்காமல் வெறுமையாக வந்திருக்கிறது.

மார்ச் 7

ஆபீஸில் ஒரு படிவம் கொடுத்தார்கள். "மேற்கு மாகாணத்தில் வசிக்கும் உறவினர்கள்: பெயர், முகவரி, உறவுமுறை." நாளைக்குள் தர வேண்டும். தப்பாக எழுதினால் ஏழு வருஷம். கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இல்லைன்னு எழுது" என்றார். இவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். சிவப்பு விளக்கில் தெருவே காலியாக இருந்தாலும் வண்டியை நிறுத்துகிற ஆள். அவரே இப்படிச் சொல்கிறார்.

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

"உண்மையை எழுதறவங்களை எங்க கூட்டிட்டுப் போவாங்கன்னு யாருக்காவது தெரியுமா? நீ உக்காந்திருக்கிறது மேற்கு லைன் முன்னாடி."

எழுதினேன். "எவருமில்லை." பேனா நன்றாகத்தான் எழுதியது. என் கூடப் பிறந்தவளை, எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவளை, ஒரே சொல்லில் இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

மார்ச் 8

அக்கா போன் செய்தாள். உடம்பைப் பற்றிக் கேட்டால் அது ஓடும் என்கிறாள். ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையாம், பாலத்தில் லாரிகளை நிறுத்திவிட்டார்களாம். "கரண்டு போனா?" என்றேன். மெஷினில் பேட்டரி கால் மணி நேரம் தாங்கும், அதற்குப் பிறகு நர்ஸ் கையால் சுற்றி ரத்தத்தை உடம்புக்குள் திருப்பி அனுப்புவாளாம். "பதினாறு பேர் இருக்கோம், நர்ஸ் ரெண்டு பேர். யாரை முதல்ல சுத்துவான்னு சீட்டுக் குலுக்கிப் போடணும்" என்று சிரிக்கிறாள். எனக்கு வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிவிட்டு வைத்தேன்.

படிவத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

மார்ச் 10

தலைநகரிலிருந்து ஒருவரை எங்கள் அறையில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். நெருக்கடிக் கால அதிகாரியாம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அதையே பெயராக வைத்துவிட்டோம். மெகாவாட்டுக்கும் வோல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் எல்லோர் செல்போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டத் தெரிகிறது.

எங்கள் ஷிஃப்ட் பொறுப்பாளருக்குப் பரம சந்தோஷம். இவரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் 'விதிப்புத்தகம்' என்போம். அரசாங்கம் தும்மினாலும் அதில் ஒரு நியாயம் இருக்கும் என்பார். "மேற்குக்காரனுக்கு இடம் கொடுத்தது போதும், இப்பவாவது ஒருத்தர் கடிவாளம் போடறாரே" என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கடிவாளம் நமக்கும் சேர்த்துத்தான் சார்" என்றேன். அதற்குப் பிறகு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

இவருக்கு அக்காவைத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளோடு உட்கார்ந்து அரை நாள் சீட்டாடியவர். படிவங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதும் இவர்தான்.

மார்ச் 12

மேற்கின் மாகாண சபை வரியை அனுப்ப மாட்டோம் என்று தீர்மானம் போட்டுவிட்டது. தெருவில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மார்ச் 14, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

பத்து ஐம்பது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மேற்கு அண்ணனிடம் எண்களைப் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் எல்லோரும் போனை அப்படித்தான் வைத்திருப்போம். எழுதக் கை வேண்டுமே. நாள் முழுக்க எங்கள் காதில் போனைப் பார்த்துப் பார்த்து வெள்ளைச் சட்டைக்கு அது கண்ணிலேயே படாமல் போயிருக்க வேண்டும். பின்னால் வந்து நின்று, மெல்லச் சொன்னார்:

"பதினொன்றரைக்கு மேற்கு லைன் மூணையும் கட் பண்ணணும். மேலிடத்து உத்தரவு. அவங்களுக்குத் தெரியக் கூடாது."

நான் திருப்பிச் சொன்னேன்.

கணீரென்று, இருபது வருஷமாகச் சொல்வதைப் போலவே சொன்னேன். "பதினொன்று முப்பதுக்கு மேற்கு லைன் மூன்றையும் துண்டிக்க உத்தரவு. மேற்குக்குத் தெரிவிக்கக் கூடாது. சரியா?"

வெள்ளைச் சட்டை "சரி" என்றார். அவரிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டார்.

போனில் அந்த மனிதரும், பாவம், அதே பழக்கம் — "பதினொன்று முப்பதுக்கு மூன்று லைனும் துண்டிப்பு. மேற்குக்குத் தெரிவிக்கக் கூடாது. சரி." வைத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை. அக்கா பத்து மணிக்கே மெஷினில் ஏறியிருப்பாள்.

பதினொன்று ஐந்துக்கு மேற்குக்குப் போகும் மெகாவாட் இறங்கத் தொடங்கியது. முந்நூற்று எண்பது. முந்நூறு. அந்தப் பக்கம் ஒவ்வொரு பகுதியாக அணைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆஸ்பத்திரி மாதிரி இடங்களுக்காவது வரட்டும் என்று, சொந்தமாக இருக்கும் இரண்டு சின்ன மின் உற்பத்தி இயந்திரங்களையும் கிளப்பியிருப்பார்கள். நூற்று எழுபது. "ஏன் குறையுது?" என்றார் வெள்ளைச் சட்டை. பொறுப்பாளர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பதிவேட்டில் குனிந்துகொண்டார். பதினொன்று இருபத்தெட்டுக்கு நாற்பது.

பதினொன்று முப்பதுக்கு நான்தான் அழுத்தினேன். மூன்று முறை. என் விரல். வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

மார்ச் 15

வேண்டுமென்றே செய்தேனா?

காலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பழக்கம் என்றால் பழக்கம்தான், தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் திருப்பிச் சொல்வேன். ஆனால் அத்தனை சத்தமாகவா சொல்வேன்? பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு அவ்வளவு சத்தம் எதுக்கு? போன் தோள்ல இருந்தது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரியாது. எனக்கே தெரியலைன்னா வேற யார்கிட்டப் போய்க் கேக்கறது?

எப்படியானாலும், அக்கா இருப்பது தெரிந்தால் யாரும் பழக்கம் என்று நம்பப் போவதில்லை.

மார்ச் 16

அறையில் பேசும் போன் எல்லாம் பதிவாகும்; சனிக்கிழமை ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டார்கள். அறைக்குள் வர வேண்டாம், விசாரணை முடியும்வரை வீட்டிலேயே இருக்க வேண்டும், ஊரை விட்டுப் போகக் கூடாது என்று தாள் வந்தது. வீட்டுக்காரர் என் பையில் இரண்டு புடவை, பல்பொடி, கண்ணாடி எல்லாம் எடுத்து வைத்து வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மார்ச் 17

வீட்டை ஒட்டினாற்போல் இருக்கும் பயிற்சிப் பள்ளிப் போனுக்கு அக்கா கூப்பிட்டிருக்கிறாள். இவர் ஓடி வந்து என்னை அழைத்துப் போனார்.

"சனிக்கிழமை ஊரே இருட்டு, எங்க வார்டுல மட்டும் விளக்கு. மெஷின் ஒரு நிமிஷம்கூட நிக்கலடி. யாரோ முன்னாடியே சொல்லிட்டாங்கன்னு நர்ஸ் சொல்றா. யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்."

"ஆமாக்கா, நல்லா இருக்கட்டும்" என்றேன். வேறு எதுவும் பேசவில்லை. எவன் ஒட்டுக் கேட்கிறானோ. வைத்த பிறகு அங்கேயே நின்று அழுதேன். கார் ஓட்டக் கற்க வந்திருந்த அம்மாள் ஒருத்தி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

மார்ச் 20

விசாரணை. நீளமான மேசை, மூன்று பேர். "மேற்கில் உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா?" "படிவத்தில் எழுதியிருக்கிறேன்" என்றேன். பொறுப்பாளரின் அறிக்கை வந்ததும் முடிவு செய்வார்களாம்.

அதாவது என் தலை இப்போது விதிப்புத்தகத்தின் கையில். அவர் பொய் எழுதி நான் பார்த்ததில்லை. போன வருஷம் நான் நாலு நிமிடம் தாமதமாக வந்ததை நாலு நிமிடம் என்றே எழுதியவர்.

மார்ச் 22

அவரே வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"அறிக்கை கொடுத்துட்டேன். உத்தரவைத் திருப்பிச் சொல்றது விதி. விதிப்படி செஞ்சிருக்கே. போன் பேசிட்டிருக்கற ஆள்கிட்ட வந்து ரகசியம் சொன்னது அந்த அதிகாரியோட தப்பு. இவ்வளவுதான் எழுதினேன்."

நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். கையை நீட்டித் தடுத்தார்.

"உனக்காக எழுதல. மேற்குக்காரன் பண்றது தப்பு, கையை முறுக்கினாத்தான் வழிக்கு வருவான்னு இப்பவும் சொல்றேன். ஆனா சொல்லாம கொள்ளாம லைனை வெட்டினா ஆள் சாவான். அது எந்த அரசாங்கம் சொன்னாலும் வேலை தெரிஞ்சவன் செய்யறதில்ல." கதவு வரை போய்த் திரும்பினார். "உங்க அக்காவைப் பத்தி நீ என்கிட்ட எதுவும் சொன்னதில்ல. நான் பார்த்ததும் இல்ல. சரியா?"

"எதுவும் சொன்னதில்லை. நீங்கள் பார்த்ததும் இல்லை. சரி" என்றேன்.

இத்தனை வருஷம் இவரை என்னவெல்லாம் கேலி பேசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 2

வேலை போகவில்லை. மீட்டர் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். உடைந்த மீட்டர்களைப் பிரித்து எண்ணைக் குறித்து அலமாரியில் அடுக்க வேண்டும். போன் கிடையாது. வெள்ளைச் சட்டையைப் பதவி உயர்த்திவிட்டார்களாம்!

லைன்கள் இன்னும் துண்டித்தபடியே இருக்கின்றன. அவர்கள் வேறு எங்கிருந்தோ வாங்குகிறார்கள் என்று கேள்வி. நாமாகப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறோம், அவர்கள் பிரிந்து போகிறார்கள் என்று ரேடியோவில் கத்துகிறோம்.

ஏப்ரல் 19

மேற்கு தனி நாடு என்று அறிவித்துவிட்டது. இங்கே இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. பாலம் மூடல். வீட்டுக்காரர் முன்பெல்லாம் "போறவங்க போகட்டும், நமக்கு நிம்மதி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இன்று ரேடியோவை அணைத்துவிட்டுச் சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

மே 9

இருபது நாளாக அக்காவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. எந்தப் போனும் போகவில்லை. இன்று செவ்வாயா, வியாழனா என்று பார்த்துப் பார்த்தே நாள் ஓடுகிறது. இன்று சனி.

மே 30, சனி

பாலத்தைத் திறந்திருக்கிறார்கள். நேற்று மனுப் போட்டவர்களை இன்று காலை விட்டார்கள். ஐந்து மணிக்கே வரிசையில் நின்றேன். பாலத்தின் நடுவில் புதிதாக ஒரு தகரக் கூரை, அதற்குக் கீழே இரண்டு மேசை, இரண்டு விதமான சீருடை. அந்தப் பக்கத்து மேசையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "யாரைப் பார்க்கணும்மா?" என்றாள். "அக்காவை" என்று சத்தமாகச் சொன்னேன். படிவத்திலும் அதையே எழுதினேன். 'வருபவரின் நாடு' என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற பெரியவர், "சீக்கிரம் எழுதும்மா, எல்லாருக்கும் அதே கட்டம்தான்" என்றார்.

மூன்று மணி நேரம் என்று முத்திரை குத்திக் கொடுத்தாள்.

அக்கா பாதியாகியிருந்தாள். மெஷினோடு கட்டிப்போட்டிருந்ததால் எழுந்து வர முடியவில்லை. ஊசி குத்தாத கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னென்னவோ பேசினோம். பக்கத்துக் கட்டிலைப் பற்றி, என் மீட்டர்களைப் பற்றி, சனிக்கிழமை விளக்கைப் பற்றியும். "நீதானாடி அது?" என்றாள். தெரியாது என்றேன். அதுதான் உண்மை. அவள் என் கையை விடவே இல்லை.

ஒருமுறை மெஷினில் ஏறினால் நான்கு மணி நேரமாம். நான் எழுந்தபோது இன்னும் ஒரு மணி பத்து நிமிடம் பாக்கி இருந்தது. கூட இருந்து முடிந்ததும் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேனே என்று நர்ஸிடம் கேட்டேன். அவள் என் முத்திரையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கிளம்புடி. நேரமாச்சுன்னா கேட்டை மூடிடுவான்" என்றாள் அக்கா.