மாப்பிள்ளை மீதான புகாரைத் திரும்பப் பெறுகிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம். இரண்டாவது சுகத்தை இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதுகிறேன். உன் சுகத்தையும் அதே மாதிரி விவரமாக எழுது. 'நல்லாத்தாம்மா இருக்கேன்' என்று நீ ஒரே ராகத்தில் சொல்வது கணக்கில் சேராது. டாக்டர் என்ற சொல்லைப் பார்த்ததும் ஃபோனைக் கையில் எடுத்திருப்பாய். கீழே வை. இப்போது பயப்பட ஒன்றும் இல்லை. பயப்பட இருந்த நாட்களில் உன்னிடம் சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வீடியோவில் சொல்லலாம் என்றால் நம் வீட்டு வீடியோவின் தரம் உனக்கே தெரியும், பாதி நேரம் மின்விசிறி தெரியும், மீதி நேரம் அப்பாவின் காது தெரியும், நான் முக்கியமாக ஒன்றை ஆரம்பிக்கும்போது அப்பா நடுவில் புகுந்து அங்கே மழையா என்பார், நீ மழையைப் பற்றிச் சொல்வாய், பேச்சு முடிந்துவிடும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆராய்ச்சிக்கூடத்தில் உன்னை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் கேட்டும், எங்களை நினைத்து நீ இன்னும் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறாய் அல்லவா, இதைப் படித்துவிட்டுப் பதில் சொல்.

முதல் காரியமாக, நீ அனுப்பிய தரை கூட்டும் மெஷின் மீது நான் கொடுத்த புகாரை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். அதற்கு மாடி வீட்டுத் தையல்காரம்மா வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது: மாப்பிள்ளை. வட்டமாக, வழுவழுப்பாக, யாரோடும் பேசாமல் வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றுகிறது, அது வரும்போது நாங்கள் காலைத் தூக்கிக்கொண்டு வழிவிடுகிறோம், கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டு மூலைக்குப் போய்ப் படுத்துக் கரண்ட் குடிக்கிறது. உன் கல்யாணத்தைப் பற்றி விசாரித்த யாரிடமோ அந்தம்மா, வீட்டோடு மாப்பிள்ளை வந்துவிட்டார், ரொம்ப சாது என்று சொல்லிவைக்க, இரண்டு பேர் நல்ல புடவை கட்டிக்கொண்டு பார்க்கவே வந்துவிட்டார்கள். காட்டினேன். ஒருவர், இதுவாவது வீட்டைப் பெருக்குகிறதே என்றார். செயற்கை அறிவு உள்ளது என்று பெட்டியின் மேல் அச்சடித்திருந்தார்கள். தினமும் அதே நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டு தினமும் அதே ஆச்சரியத்தோடு திரும்புவதைப் பார்த்தால், இயற்கையான அறிவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் குனிந்து பெருக்குவது நின்று என் இடுப்பு வலி பாதியாகிவிட்டது, அதை உன்னிடம் சொல்லாமல் குறையை மட்டும் சொன்னேன். மாப்பிள்ளைகளை அப்படித்தானே நடத்துகிறோம்.

அப்பாவின் பொழுதுபோக்கைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. என் அபிப்பிராயத்தில் பொழுதுபோக்கு என்பதும் வேலைதான், சம்பளம் கிடையாது, திட்டுவதற்கு மேலதிகாரியும் கிடையாது என்பதால் ஆண்கள் அதில் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். மேலதிகாரி கிடையாது என்பது அவர்களுடைய கணிப்பு. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவரை மணிக்கட்டுக் கனத்துக்கு போல்ட் முடுக்கியவர், ஓய்வு பெற்ற மறுவாரமே கடுகுக்குத் தம்பி மாதிரி திருகாணி உள்ள கடிகாரங்களில் இறங்கினார். தெருவில் நின்றுபோன கடிகாரம் எல்லாம் பின்னறை மேஜைக்கு வந்தது. பழைய வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக அடுக்கி வைப்பார். இத்தனை வருஷ வேலையில் ஒரு திருகாணியைக் கீழே போட்டதில்லை என்பதுதான் அவருடைய ஒரே தற்பெருமை. லிஃப்ட் குழிக்குள் விழுந்தது திரும்பி வராது, அதனால் வந்த பழக்கம். என் குறுக்கெழுத்துப் புதிரை வேலையற்ற வேலை என்று சொல்வார். நான் நிரப்பிய கட்டம் யார் வீட்டுச் சுவரிலும் நேரம் காட்டாது என்பது உண்மைதான்.

மாப்பிள்ளையின் வயிற்றை நான்தான் தினமும் குப்பைக்கூடையில் தட்டுவேன். ஒருநாள் தூசி, முடி, நூலோடு ஒரு பொடித் திருகாணி விழுந்தது. மறுநாள் இரண்டு, பிறகு எல்லா நாளும். மெஷின் தன்னைத் தானே கழற்றிக்கொண்டு வருகிறது, இன்னும் கொஞ்ச நாளில் சக்கரம் தனியாக வரும் என்று உன்னிடம் புலம்பினேன். நீயும் பாவம், ஆராய்ச்சியை விட்டுவிட்டு அந்தக் கம்பெனிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதி, படம் அனுப்பச் சொல்லி என்னைத் துரத்தி, ஒருவழியாகப் பதில் வாங்கினாய். நீ ஃபோனில் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது: "அம்மா, அவ்ளோ சின்ன ஸ்க்ரூ அந்த மெஷின்லயே கிடையாதாம். வீட்ல வேற எதுலேர்ந்தாவது விழுதான்னு பாக்கச் சொல்றாங்க." நான் சரி பார்க்கிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். பார்க்க வேண்டியது இல்லை, பாப்பா. அந்த மாதிரி திருகாணி நம் வீட்டில் ஒரே மேஜையில்தான் இருக்கிறது. ஆனால் அந்த மேஜைக்காரர் கீழே போடுகிறவர் இல்லை என்று நான் அத்தனை உறுதியாக நம்பியிருந்ததால், பளபளவென்று புதிதாக இருந்த மெஷின் மீது பழி போட்டுவிட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. சில மாதமாக டீயை அரை டம்ளர் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சர்க்கரையைக் குறைக்கிறார் என்று தையல்காரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன், நிறைத்துக் கொடுத்தால் தளும்பும் என்பதுதான் விஷயம். தாடி வைத்தார். வயதான காலத்தில் தத்துவஞானி ஆகிறீர்களோ என்று கேலி செய்தேன், சவரம் செய்யக் கை நிற்கவில்லை. உனக்கு எழுத்தில் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டுக் குரலில் அனுப்பத் தொடங்கினார். அப்பா குரலைக் கேட்டால் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று நீகூட சந்தோஷப்பட்டாய். விரல் ஒரு எழுத்தைத் தொடப் போய் இன்னொன்றைத் தொட்டதால் வந்த குரல் அது. பேசினாலே எழுதிக்கொள்ளும் வசதியையும் முயன்று பார்த்தாராம், பாப்பா சாப்பிட்டாயா என்றால் பாம்பா சாப்பிட்டாய் என்று எழுதியதாம், அதை உனக்கு அனுப்பாமல் விட்டதற்கு நன்றி சொல். தையல்காரம்மாவின் கடிகாரம் வெகுநாளாக மேஜையில் திறந்தபடி கிடந்தது. கேட்டால் சாமான் கிடைக்கவில்லை என்பார். சாமான் எல்லாம் மாப்பிள்ளை வயிற்றில் இருந்தது.

உடனே கேட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் என்னிடமும் மறைக்கிறார் என்றால் பயந்திருக்கிறார் என்று அர்த்தம், பயந்த மனிதரிடம் நான் குறுக்குவிசாரணை செய்தால் மேலும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்வார். சேர்த்து வைத்திருந்த திருகாணிகளை ஒரு சின்னத் தட்டில் போட்டு, மறுநாள் காலை அவருடைய அரை டம்ளர் டீக்குப் பக்கத்தில் வைத்தேன். தட்டைப் பார்த்தார். மூலையில் படுத்திருந்த மெஷினைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை போட்டுக் குடுத்துட்டாரா?" என்றார்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. டாக்டர்கிட்ட போலாம், வாங்க."

"டாக்டர் அதுக்கு ஒரு பேர் சொல்லிடுவாங்க. அப்புறம் அது நிஜமாயிடும்."

"பேர் சொல்லலைன்னாலும் ஸ்க்ரூ கீழதானே விழுது."

மேஜைமேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக எல்லாம் சொன்னார். கை நடுக்கம் என்று ஃபோனிடம் கேட்டிருக்கிறார், அதுவும் வாயால்தான். அது ஒரே ஒரு வியாதியின் பெயரைச் சொல்லி, அது முற்றினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது, அன்றிலிருந்து தினமும் காலையில் அதே வியாதி பற்றிய வீடியோ. ஒருமுறை செருப்பு தேடினால் வாரக்கணக்கில் செருப்பு காட்டுகிற சாதனம், வியாதி தேடியவரைச் சும்மா விடுமா? அதையெல்லாம் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் அடுத்த அறையில் ஏழு எழுத்துச் சொல்லுக்கு யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தால் உனக்குத் தெரிந்துவிடும், உனக்குத் தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய், ஆராய்ச்சிக்கூடத்தில் உன் இடத்தில் வேறு யாரையாவது வைத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நீ தயங்குகிறாய் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து உன்னிடம் இன்னும் கலகலப்பாகப் பேசினாராம். எனக்கும் இப்போதுதான் தெரியும், அந்த வாரங்களில் அவர் சொன்ன ஜோக்கெல்லாம் ரொம்ப சுமார், நாம் இருவரும் சிரித்தோம்.

டாக்டர் ஒரு பெண், உன் வயதுதான் இருப்பார். கையை நீட்டச் சொன்னார், மடியில் சும்மா வைக்கச் சொன்னார், ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு தாளில் நத்தைக்கூடு மாதிரி சுழித்துக்கொண்டே வரையச் சொன்னார். அப்பா வரைந்ததைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், நில நடுக்கத்தில் மாட்டிக்கொண்ட நத்தை. அந்தப் பெண் மட்டும் முகம் மாறாமல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நீங்கள் பயப்படுகிற வியாதி இது இல்லை என்றார். வயதானால் சிலருக்குக் கை வேலை செய்யும்போது நடுங்குமாம், சும்மா இருக்கும்போது நிற்குமாம். வேலை செய்யும்போது நடுங்குவதுதானே கஷ்டம் என்று அப்பா விடாமல் கேட்டார். அதற்கு அவர் சொன்னார்: "சார், சும்மா இருக்கிற கை ஆடினாத்தான் நான் கவலைப்படுவேன். உங்க கைக்கு வேலை செய்யணும்னு ஆசை இருக்கு, அவ்ளோதான்." அந்த வரியை வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்வரை அப்பா நான்கு தடவை திரும்பச் சொன்னார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நடுக்கம் குறையும், முழுக்கப் போகாது, வருஷா வருஷம் போய்க் காட்டிக்கொண்டு வர வேண்டும், இவ்வளவுதான். அந்தக் காணொளிகளை நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வேண்டாம் வேண்டாம் என்று அழுத்தி ஒழித்தேன், இப்போது அவர் ஃபோன் மாமரத்துக்கு உரம் போடுவது எப்படி என்று காட்டுகிறது. நமக்கு மரம் கிடையாது, ஆனால் மனசுக்கு நல்லது.

தையல்காரம்மாவின் கடிகாரம் போன வாரம் மாடிக்குப் போய்விட்டது. அப்பா சொல்லச் சொல்ல, சின்ன இடுக்கியால் திருகாணியை எடுத்து வைத்தது நான். இந்த வயதில் எனக்குப் புதுப் பொழுதுபோக்கு, கூடவே ஒரு மேலதிகாரி, அவர் குரலை உயர்த்துவதில்லை, பெருமூச்சு மட்டும் விடுகிறார். நேரம் சரியாகக் காட்டுகிறதா என்று தினமும் மாடிப்படியில் நின்று விசாரிக்கிறார், அந்தம்மா சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்கிறார். இத்தனை நாள் ஒரு தடவைகூட என் கடிகாரம் எங்கே என்று அவசரப்படுத்தவில்லை. துணி வெட்டுகிற கண்ணுக்கு அடுத்தவர் கை நடுங்குவது தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் பேசாமல் இருந்திருக்கிறார், தன் சுவரில் ஆணியை மட்டும் வைத்துக்கொண்டு.

நம் வீட்டில் நன்றி சொல்லும் பழக்கம் இல்லை. பஸ்ஸில் இடம் கொடுத்தவருக்குச் சொல்வோம், பெற்ற பெண்ணிடம் சொன்னால் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்வாள். ஆனாலும் எழுதிவிடுகிறேன். அம்மா இடுப்பு வலிக்கிறது என்று ஒரு தடவை சொன்னதை ஞாபகம் வைத்து அத்தனை தூரத்திலிருந்து ஒரு மெஷின் அனுப்பினாயே, நான் உளறிய புகாரை உளறல் என்று ஒதுக்காமல் கடைசிவரை விசாரித்தாயே, நீ அங்கே விசாரித்ததால்தான் இங்கே நான் என் புருஷனைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தால்தான் பார்த்துக்கொள்ள முடியும் என்று நீ நினைக்கிறாய். அதே கூரையின் கீழ் இருந்த நான் சில மாதமாகப் பார்க்கவில்லை, நீ பார்த்தாய். இதை நினைத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பதில் சொல். இனி எதையும் மறைக்க மாட்டோம் என்று அப்பாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம், நீயும் எங்களிடம் அப்படியே இருக்க வேண்டும். அந்த வேலையில் உனக்கு விருப்பமே இல்லை என்றால் அது வேறு, எங்கள் பேரைச் சொல்லி மட்டும் விடாதே.

நல்லபடியாக இரு, நினைத்ததெல்லாம் கைகூடி, நல்ல மனிதர்கள் நடுவில், நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு. குளிருக்குக் காதை மூடிக்கொள், கண் டாக்டரைப் பார்க்கிறேன் என்று போன வருஷம் சொன்னாய், இன்னும் அந்த வருஷம் முடியவில்லை போலிருக்கிறது.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா

பின்குறிப்பு: இதை மேலிருந்து கீழ்வரை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். ஜோக்குகள் சுமார் என்ற இடத்தில் ஆட்சேபம் தெரிவித்தார், நான் மாற்றவில்லை. வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டதற்கு, நான் சொல்லி நீ எழுத வேண்டாம் என்று பேனாவை வாங்கிக்கொண்டார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். நான் எழுந்து போய்விட்டேன், அவர் முடிக்கிறவரை அந்தப் பக்கம் வரவில்லை. கீழே இருப்பது அவருடையது, கொஞ்சம் கோணல்மாணலாக இருக்கும், படித்துக்கொள்.

பாப்பா, வேலையை விட்டுட்டு வராதே. லீவு போட்டுட்டு வா.
அப்பா