சம்மந்தியம்மாவுக்கு, காருக்குள் அலம்பிய தண்ணீரைப் பற்றி

என் வாய்க்கு ஈடுகொடுத்த ஒரே சம்மந்தியம்மாவுக்கு,

உங்கள் திண்டிவனம் வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். நீங்கள் படுத்த கட்டிலில் உட்கார்ந்து, தாரணியின் பழைய நோட்டில் எழுதுகிறேன். ஐந்தாவது படித்த கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எட்டாவது படித்ததை உயிரோடு இருக்கும்போதே போதுமான அளவு சொல்லிக் காட்டிவிட்டீர்கள்.

முதலில் நல்ல சேதிகள். நம் பெரிய பேத்தி நிவேதா நர்ஸ் படிப்பை முதல் வகுப்பில் முடித்து, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் சேர்ந்துவிட்டாள். ஊசி போட்டால் பிள்ளைகள் அழுவதே இல்லையாம். அந்தக் கை என் கை. அருண் இன்ஜினியரிங் தேறி, கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலைக்குப் போகிறான். நம் இரண்டு வீட்டிலும் சேர்த்து அவன்தான் முதல் இன்ஜினியர். சின்னவள் தாரணி கோகோவில் மாவட்ட அளவில் ஜெயித்து, அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோப்பை வாங்கி வந்தாள். ஓட்டம் எங்கள் பக்கத்து ரத்தம் என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, இந்தக் கடிதத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்.

சித்திரையில் நீங்கள் போனதும், கலா தனியாகத் திண்டாடுகிறாளே என்று விழுப்புரம் வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு இருக்க வந்துவிட்டேன். நீங்கள் செய்ததில் ஒன்றையும் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை காரின் முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பர் படுத்திருக்கிற இடத்தில் பூச்சரம் வைப்பீர்களே, அதைக்கூட. "காருக்கு என்ன, சீமந்தமா?" என்று கேலி செய்தவள் நான். நீங்கள் வைத்ததைவிட இரண்டு முழம் கூடுதலாகவே வைத்தேன். சாமந்தியும் தவனமும் கலந்து.

இனி வருவது அருவருப்பான சேதி. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ஐப்பசி மழை விட்ட வாரம், கண் டாக்டரைப் பார்க்க மாப்பிள்ளை என்னை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனார். கூட்டேரிப்பட்டில் குறுக்கே ஒரு மாடு வந்தது, பிரேக் போட்டார். காருக்குள் 'சளக்' என்று ஒரு சத்தம். தவலையில் பாதித் தண்ணீரோடு நடந்தால் கேட்குமே, அதே சத்தம்.

"ஏதோ தண்ணி பாட்டில் உருளுது, பாருங்க அத்தை" என்றார் உங்கள் மகன்.

சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். உரித்துத் தின்ற மல்லாட்டைத் தோல், ஒற்றைக் காலுறை, எந்தக் காலத்திலோ ஓட்டலில் கட்டிக்கொடுத்து இறுகிப்போன சட்னிப் பொட்டலம். சீ என்று உதறினேன். காருக்கு வெளியே மினுமினு என்று துடைப்பவர்கள் உள்ளே எப்படி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். ஆனால் பாட்டில் இல்லை.

ஒரு வாரத்தில் சத்தத்தோடு நாற்றமும் சேர்ந்துகொண்டது. பழங்கஞ்சியில் செத்த எலி ஊறினால் எப்படி இருக்கும்? கலா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். தாரணி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? மல்லிகை வாசனை அட்டை ஒன்று வாங்கிக் கண்ணாடியில் தொங்கவிட்டார். எலி செத்த வீட்டில் கல்யாணம் நடந்த மாதிரி ஆகிவிட்டது. கால்மிதியை மிதித்தால் காலில் ஈரம் பிசுபிசுத்தது.

மெக்கானிக்குகளைப் பற்றி நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. இந்த ஊர்க்காரன் ஒருவன், கதவைக்கூடத் திறக்காமல், "பெட்ரோல் டேங்க் பாதி இருந்தா அப்டித்தாம்மா அலம்பும்" என்றான். டேங்கை நிரப்பினோம், அப்போதும் அலம்பியது. விழுப்புரத்தில் ஒருவன் ரேடியேட்டரில் காற்று புகுந்திருக்கிறது என்றான். எண்ணெய்க் கையை நம் சீட்டிலேயே ஊன்றிக்கொண்டு, வாயில் குதப்பியதைக் கதவோரம் துப்பிவிட்டு, "வயசானவங்க காதுக்கு எல்லாச் சத்தமும் பெருசாத்தான் கேக்கும்" என்று சிரித்தான். மூன்றாவது ஆள் ஏசிக் குழாயைக் கழற்றி மாட்டினான். சத்தம் கழன்றதா?

நம் இன்ஜினியர் போனில் முகம் காட்டினான்.

"ஆயா, போனை டேஷ்போர்டு கிட்ட புடி. அப்பா, வண்டியை ஆட்டு."

"கேக்குதாடா?"

"கேக்குது ஆயா. ஆனா எதுன்னு தெரியலையே."

"அப்போ நாலு வருஷம் என்னத்தைப் படிச்சிக்கினு இருந்தே?"

"பேஜாரு பண்ணாத ஆயா, எங்க கம்பெனியில பிரேக் மட்டுந்தான் செய்றாங்க."

அப்புறம்தான் நானே களத்தில் இறங்கினேன். பின் சீட்டில் உட்காராமல் முன்னால் ஏறிக்கொண்டேன். "மாப்ளே, மெதுவாப் போய் பிரேக் போடுங்க. இப்ப இடது பக்கம் திருப்புங்க. இப்ப வலது பக்கம்" என்றேன். மனுஷன் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். பிரேக் போட்டால் சத்தம் என் முழங்காலுக்கு எதிரே வந்து மோதியது. இடது பக்கம் திரும்பினால் வலது பக்கம் ஓடியது. தண்ணீர் பின்னால் டேங்கில் இல்லை, கண்ணாடிக்கும் எனக்கும் நடுவில் நிற்கிறது.

நம் மொட்டைமாடியில் புங்க இலை அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் குளமாக நிற்குமே, அது நினைவுக்கு வந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து வைப்பருக்குக் கீழே இருக்கிற சல்லடையில் ஊற்றிவிட்டு, குனிந்து சக்கரத்தின் பக்கம் பார்த்தேன். சொட்டு விழவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினேன். அதுவும் விழவில்லை.

"ஊத்துன தண்ணி எங்க போச்சு மாப்ளே?"

உங்கள் மகன் குனிந்து சக்கரத்தடியில் தடவிப் பார்த்தார். "எப்டி அத்தை கண்டுபுடிச்சீங்க?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மூன்று மெக்கானிக், ஓர் இன்ஜினியர், அத்தனை பேரையும் தோற்கடித்த திமிரு எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சொல்லிவிட்டேன்: "எல்லாம் உங்கம்மா பண்ண வேலை. வருசக்கணக்கா வாராவாரம் பூவைக் கொட்டிக்கினே இருந்தாங்க இல்ல? நான் வெச்சது ஆறு மாசந்தானே. அதான் உள்ள போய் அடைச்சிக்கினு இருக்குது. நான் அப்பவே சொன்னேன், காருக்குப் பூ வேணாம்னு."

மறுநாள் ஒரு மெக்கானிக் வீட்டுக்கே வந்து வைப்பரைக் கழற்றிச் சல்லடையைத் தூக்கினான். கீழே ஒரு தொட்டி மாதிரி இருந்தது. இரண்டு குடம் பிடிக்கும். கறுப்புத் தண்ணீர், மேலே நுரை, அதில் புழு. தண்ணீர் இறங்கும் ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு கட்டியை இழுத்தான். அழுகிய பூவும் தவனமும் சேர்ந்து, செத்த பெருச்சாளிக் குட்டி மாதிரி வழவழவென்று வந்தது. அடுத்த நிமிஷம் சக்கரத்தின் பக்கம் தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. கலா ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

"செத்தும் நிம்மதியா வுடாது போல எங்கம்மா" என்றார் உங்கள் மகன். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த உங்கள் சின்னப் படம் ஈரத்தில் உப்பிப் போயிருந்தது. அதை நகத்தால் உரித்து அந்தக் கட்டியின் மேலேயே போட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். கட்டிக்குள்ளிருந்து ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. ரோஸ் கலர் மிஷின் நூல்.

சம்மந்தியம்மா, நீங்கள் வாழைநாரைத் தவிர வேறு எதிலும் பூக் கட்டியதில்லை. "நூல்ல கட்டுனா பூ கழுத்தறுபட்ட மாதிரி இருக்கும்" என்பீர்கள். எனக்கு நாரை நனைத்துக் கிழிக்கப் பொறுமை கிடையாது. நிவேதாவின் ரவிக்கை தைத்து மிச்சமான நூல்கண்டில்தான் நான் கட்டுவேன். சித்திரைக்குப் பிறகு கட்டிய ஒவ்வொரு சரமும் அந்த ரோஸ் நூலில் கட்டியது. பூ அழுகியது, நூல் அழுகவில்லை. அது நீங்கள் வைத்த பூ இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயை மூடிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக. அந்த நூலை மட்டும் உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன். கை நாறியது. நாலு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை.

சாயங்காலம் கலாவிடம், ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "அத்தை வெச்ச பூவெல்லாம் எங்கடி போகும்?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை காலையிலயே எடுத்து முருங்கை மரத்தடியில போட்டுருவாங்களேம்மா. ஓர் இதழ் இருந்தாக்கூட வுடமாட்டாங்க. சல்லடை ஓட்டையில ஊசி வுட்டு எடுப்பாங்க. ஏன், நீ எடுக்கறதில்லையா?"

நான் எடுத்ததில்லை. வைப்பதை நாலு பேர் பார்ப்பார்கள், எடுப்பதை யார் பார்க்கிறார்கள்? நீங்கள் வைத்ததைத்தான் நானும் பார்த்தேன்.

இதோடு முடியவில்லை. வளவனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளை இந்தக் கதையை எல்லாருக்கும் சொன்னார். "எங்கம்மா பூ வெச்சே காரைக் கொன்னுடுச்சி" என்றதும் இலைக்கு இலை சிரிப்பு. "மாமியாரு கண்டுபுடிச்சிருக்காங்களே, அதைச் சொல்லுப்பா" என்று யாரோ என்னைப் புகழ்ந்தார்கள். நானும் சிரித்தேன். அந்தத் தொட்டியில் பார்த்த புழுவைவிட, அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு இப்போது அருவருப்பாக இருக்கிறது. பதில் சொல்ல நீங்கள் இல்லை என்கிற தைரியம்தானே? நீங்கள் இருந்தால் அந்தப் பந்தியிலேயே என் மானத்தை வாங்கியிருப்பீர்கள். வாங்கியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து உங்கள் மகன் கூடத்தில் இருக்கிற உங்கள் படத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பூ வைக்கப் போனால், "ஏற்கெனவே வெச்சதுக்கு அனுபவிச்சாச்சி, வுடுங்க அத்தை" என்கிறார். பெற்றவள் மேல் இப்படி ஒரு கசப்பை ஊற்றி வைத்துவிட்டேனே, எந்த ஓட்டை வழியாக அது இறங்கும்?

அதனால்தான் இந்தக் கடிதம். எழுதி முடித்ததும் போட்டோ பிடித்து நிவேதாவுக்கு அனுப்பப்போகிறேன். ஓர் எழுத்து மாற்றாமல் குடும்பக் குரூப்பில் போடச் சொல்லப்போகிறேன். மாப்பிள்ளை, நீங்களும் படிப்பீர்கள். உங்கள் அம்மா ஓர் இதழைக்கூட உள்ளே விடவில்லை. அடைத்தவள் நான். பழியை அவர்கள் மேல் போட்டவளும் நான்.

எழுதினால் மட்டும் போதாது என்று நீங்கள் சொல்வது கேட்கிறது, சம்மந்தியம்மா. உங்கள் முதல் வருஷத் தெவசத்துக்கு வளவனூர்க்காரர்களும் வருவார்கள். அன்றைக்குப் பந்தியில் எழுந்து நின்று, ரோஸ் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, என் வாயாலேயே சொல்வேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைச் சரத்தை வாழைநாரில் கட்டுவேன். இப்போதே தினமும் கிழித்துப் பழகுகிறேன், பாதி அறுந்துபோகிறது. சனிக்கிழமை காலையில் ஊசியோடு போய் நிற்பேன். இது சத்தியம்.

நிவேதா, உனக்கு ஒரு வேலை. பொம்மையார்பாளையத்தில் அலை வந்து திண்டிவனம் ஆயாவின் புடவையை நனைத்தபோது, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டே என்னைத் திட்டினாளே, அந்தப் படம் உன் போனில்தான் இருக்கிறது. போனில் அனுப்பாதே, கடையில் பிரிண்ட் போட்டு, மடங்காமல் இருக்க அட்டை வைத்து, தெவசத்துக்கு முன்னால் தபாலில் அனுப்பு. டேஷ்போர்டில் அவள் இருந்த இடம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பேரப்பிள்ளைகளின் இன்னோர் ஆயா,
உங்கள் விழுப்புரத்துச் சம்மந்தி