சாட்டுக்கு நாலு கால்

அக்கா,

இன்று காலை என் இரண்டு செருப்பும் வைத்த இடத்திலேயே கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வாரிலே பல் பட்ட அடையாளம், குளத்துச் சேறும் நாய் எச்சிலும் கலந்த மணம். அந்த மணத்தோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். செருப்பு ஏன் இடம் மாறவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்துத்தான். ஆனால் என் எழுத்து வடிவு என்று நீங்களே சொன்னது எனக்கு மறக்கவில்லை.

உங்களுக்கு இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, காலையில் நடக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொன்ன மறுநாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நம் ஊரில் வயலுக்கு நடக்கலாம், கடைக்கு நடக்கலாம், சும்மா நடக்க முடியாது. வாசல் படலைக்குப் படலை நின்று, "எங்க போறியள்?" என்று கேட்பார்கள். நீங்களோ ஒருவருக்கும் மறுமொழி சொல்லாமல், வெறுங்கையோடு, தலையைக் குனிந்துகொண்டு விறுவிறென்று போனீர்கள். விடியற்காலையில் ஒரு பெண் அப்படிப் போனால் இங்கே அதற்கு ஒரே கருத்துத்தான். நீங்கள் திரும்பி வருவதற்குள் நானும் பின்வளவுக்காரியும் வெள்ளைச் சீலை உடுத்து உங்கள் படலையில் நின்றோம்.

"ஆரக்கா மோசம் போனது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சாகேல்லையடி. நான் சாகாமல் இருக்கத்தான் நடந்தனான்."

அடுத்த நாள் நீங்கள் உங்கள் நாய் ஜிம்மியை அவிழ்த்து விட்டீர்கள். அது முன்னே ஓட, "எடேய் நில்லடா" என்று கத்திக்கொண்டு நீங்கள் பின்னே போனீர்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாயும் லேசுப்பட்டதல்ல. திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, நீங்கள் கிட்ட வந்ததும் மறுபடி ஓடும். "எடி பிள்ளை, இந்த ஊரில சும்மா நடக்க ஏலாது. கேக்கிறவைக்குச் சொல்ல ஒரு சாட்டு வேணும். சாட்டுக்கு நாலு கால் இருந்தா இன்னும் நல்லது" என்று சொன்னீர்கள். பேரப்பிள்ளை கண்ட பிறகும் நான் உங்களுக்குப் பிள்ளைதான்.

சீனி உங்களைக் கொண்டுபோகவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சரிந்தீர்கள், பிறகு எழும்பவில்லை. செத்தவீட்டுப் பந்தலைக் கழற்றிய அன்று ஜிம்மி வேலியைத் தாண்டி என் வளவுக்குள் வந்து படுத்தது. முற்றத்தைச் சாணம் போட்டு மெழுகி வைத்திருக்கிற எனக்கு நாய் எதற்கு? விளக்குமாற்றை எடுத்தேன். அது எழும்பிப் போய், விளக்குமாறு எட்டாத தூரத்தில் படுத்துக்கொண்டது. கொஞ்சக் காலம் அப்படியே இருந்தோம்.

பிறகு எனக்கும் சீனி வந்தது. கிளினிக்கில் தந்த குளிசையை நம்பி நான் சோற்றைக் குறைக்கவில்லை. நடக்கவும் இல்லை. வவுனியாவிலிருந்து மகள் வந்து நின்று சொன்னாள்: "அம்மா, அடுத்த கிளினிக்கில குறையாட்டி வீட்டைப் பூட்டிப்போட்டு என்னோட வாறியள். வேற கதை இல்லை."

அவளுடைய வீடு மாடி வீடு. அங்கே கதிரையில் இருந்து டிவி பார்ப்பதுதான் எனக்கு வேலை. இந்த வீடு, சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது பற்றையாய்க் கிடந்த வளவை வெட்டி, மேசனுக்குப் பக்கத்தில் நானே நின்று கட்டுவித்தது. மறுபடி ஒருமுறை இதைப் பூட்டிக்கொண்டு போக என்னால் முடியாது. உங்களுக்குத் தெரியும்.

மகள் போன மறுநாள் விடிய ஒரு செருப்பைக் காணவில்லை. படலைக்கு வெளியே ஜிம்மி அதை வாயில் கவ்விக்கொண்டு நின்றது. கிட்டப் போனேன், ஓடியது. நான் நின்றால் அதுவும் நின்று திரும்பிப் பார்த்தது. ஒற்றைக் காலில் செருப்போடு குளக்கட்டு வரை போய்விட்டேன். நீங்கள் வழக்கமாக நின்று மூச்சு வாங்கும் மருத மரத்தடியில் ஜிம்மி செருப்பைப் போட்டுவிட்டு வாலை ஆட்டியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் வந்தது உங்கள் வழி.

மாடுகளை மேய்ச்சலுக்குச் சாய்த்துக்கொண்டு வந்த அண்ணை, "எங்க தங்கச்சி விடியக்காலமை?" என்று கேட்டார்.

"உந்த மூதேசி செருப்பைக் கொண்டு ஓடுதண்ணை."

"ஓடுங்கோ, ஓடுங்கோ. அக்காவும் உப்பிடித்தான் ஓடினவா."

அதிலிருந்து நாள் தவறாமல் ஓட்டம். என் பேத்தி உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். அவளைப் போலக் கெட்டிக்காரி இந்தப் பக்கத்தில் இல்லை. அவள் போனில் சொன்னாள்: "அம்மம்மா, நாயைத் தடவினா பிரசரும் குறையுமாம்." ஆளில்லாத நேரம் பார்த்துத் தடவினேன். எனக்குக் குறைந்ததோ தெரியாது, ஜிம்மி நித்திரையாகிவிட்டது. ஆனால் அன்று பின்னேரம் முழுக்க அதனோடு கதைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போன பிறகு நான் அவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான்.

கிளினிக் நாளன்று மகள் ஒரு பெரிய வெறும் பையோடு வந்து இறங்கினாள், என் உடுப்பை அடுக்க. நர்ஸ் மிஸி இரத்தம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லாக் குறைஞ்சிருக்கே அம்மா. சாப்பாட்டை மாத்தினனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. செருப்பைத்தான் மாத்தினனான். இது மூண்டாவது சோடி."

மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தவும் இல்லை. அந்தப் பையை வெறுமையாக அனுப்பக் கூடாதென்று முருங்கைக்காய் நிரப்பி அவளை பஸ் ஏற்றிவிட்டேன்.

இனி இன்றைய கதை. செருப்பு இரண்டும் இருக்க, நாயைக் காணவில்லை என்று பதறிப் படலைக்கு ஓடினேன். அங்கே ஜிம்மி வெறும் வாயோடு குந்தியிருந்தது. கூப்பிடாமலே நான் வருவேன் என்று அதற்குத் தெரிந்துவிட்டது போல. வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு காலிலும் செருப்புப் போட்டுக்கொண்டு சும்மா நடந்தேன்.

குளக்கட்டில் மாட்டுக்கார அண்ணை கேட்டார்: "எங்க தங்கச்சி?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது உங்கள் சாட்டுத்தான்.

"நாயைத் தேடிப் போறன் அண்ணை."

ஜிம்மி என் காலடியில் நின்றது. அண்ணை அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓமோம். கெதியாத் தேடுங்கோ, வெயில் ஏறப் போகுது."