நீ அனுப்பிய மூன்றாவது நாவல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். எத்தனையோ கடிதத்தில் பழக்கதோஷத்தில் எழுதிய வரிதான் இது. ஆனால் இந்தத் தடவை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, சமையலறையில் அம்மா பாத்திரம் உருட்டும் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வந்தேன். நீயும் அதை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே படி. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். போன ஞாயிறு நீ போன் பண்ணியபோது அம்மாவுக்குச் சளி, தூங்குகிறாள் என்று சொன்னேனே, அது பொய். உண்மையைப் போனில் சொல்லியிருந்தால் பாதி கேட்பதற்குள் நீ அழ ஆரம்பித்து விமான டிக்கெட் தேடப் போயிருப்பாய், நானும் உளறியிருப்பேன். எனக்குக் காகிதம்தான் வசதி. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாவலில்தான் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கக் கூடாது.

நாவல் என்றதும் ஞாபகம் வருகிறது, நீ கேட்ட விஷயத்தையே முதலில் எழுதுகிறேன், இரண்டும் ஒரே விஷயம்தான், போகப் போகப் புரியும். நான் ஓய்வு பெற்றதற்கு நீ அட்டைப்பெட்டியில் அனுப்பிய மூன்று நாவல்களும் பத்திரமாக வந்தன. "எல்லாரும் இதைத்தான் படிக்கிறாங்கப்பா, நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கணும்" என்று சீட்டு எழுதி வைத்திருந்தாய். அன்றைக்கே உன் பழைய அறையில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதல் நாவலில், முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்திய ஒரு பெண் ஒரு காலையில் கணவனுக்குக் காபி போட்டு வைத்துவிட்டு, தன் செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விடுகிறாள். அடி கிடையாது, சண்டை கிடையாது, இன்னொரு ஆள் கிடையாது. முன்னூறு பக்கம் காரணத்தைத் தேடித் தேடிப் படித்தால் கடைசியில், "அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்டதில்லை" என்கிறாள். எனக்கு ஆத்திரமாக வந்தது, இதெல்லாம் ஒரு காரணமா என்று அம்மாவிடம் கதையைச் சொல்லிப் புலம்பினேன். அம்மா துணியை மடித்துக்கொண்டே, "அவ போனதுல எனக்கு ஆச்சரியம் இல்ல. அவ்வளவு வருஷம் இருந்தா பாருங்க, அதுதான் ஆச்சரியம்" என்றாள். நாவலைவிட அது எனக்குப் பெரிய அதிர்ச்சி, அன்று முழுவதும் அவள் செருப்பு வாசலில் இருக்கிறதா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன், சிரிக்காதே.

இரண்டாவது நாவலை முடித்ததும் சுவரில் விட்டெறிந்தேன். கதை சொல்லுகிற ஆள் வாய் ஓயாமல் பேசுகிறான், தெருவில் போகிறவரை எல்லாம் கூப்பிடுகிறான், யாரும் பதில் சொல்வதில்லை, பாவம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் போல என்று நான் அவனுக்காக உருகிப் போயிருந்தேன். கடைசி அத்தியாயத்தில் ஆள் இரண்டாம் பக்கத்திலேயே செத்துவிட்டான் என்கிறார்கள்! எடுத்துத் தூசி தட்டி மறுபடி படித்தால் எல்லாமே அங்கங்கே சொல்லித்தான் இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவன், அதில் முப்பத்தேழு அச்சுப்பிழையைப் பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறேன், ஐந்தாம் அத்தியாயத்தில் இடது கையில் பட்ட காயம் ஒன்பதாம் அத்தியாயத்தில் வலது கைக்கு மாறிவிட்டதைக்கூடக் கண்டுபிடித்தேன், ஆனால் ஆள் செத்தது தெரியவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த அந்த ஒன்றரை மாதமாக அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. காலையில் எழுந்து குளித்து, துவைத்துவிட்டு வந்தால் தலைவலி, குமட்டல், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு தரையையே பார்ப்பாள். "குளிச்சிட்டு வந்தா தலை கழண்டு விழற மாதிரி இருக்குங்க" என்று இதே வார்த்தையில் என்னிடம் சொன்னாள், நான் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே "ம்" என்றேன். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வயசு என்றார், கண் டாக்டர் கண்ணாடியை மாற்றினார். எட்டரைக்குக் கார் சொல்லிக்கொடுக்க டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளம்பிப் போய்விட்டால் பத்து மணிக்கெல்லாம் தலைவலி போய்விடும், அதனால் எனக்கு அவள் மேல் ஒரு சின்ன எரிச்சல், வீட்டில் என்னைப் பார்த்தால்தான் தலை வலிக்கிறதா என்று. மறதி வேறு. சாவியைச் சர்க்கரை டப்பாவில் போட்டுவிட்டு வீடெல்லாம் தேடினாள். ஒரு வியாழக்கிழமை அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்து, அவள் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், நான் என் வாய்க் கொழுப்பில், "உனக்கு என்னதான் ஆச்சு, மூளையைக் கழட்டி வச்சுட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் வெளிறிப் போயிற்று. அதிலிருந்து இரண்டு நாள் என்னோடு பேச்சே இல்லை. இவ்வளவு கோபமா என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதரை இருக்கும், மூன்றாவது நாவலில் இருந்தேன். கொலைக் கதை. ஒரு பெண் குளியலறையில் செத்துக் கிடக்கிறாள், காயம் இல்லை, விஷம் இல்லை. யாரோ வென்டிலேட்டர் ஓட்டையில் துணியை அடைத்திருக்கிறார்கள், வெந்நீர் போடும் கேஸ் கீசர் எரிந்த புகையே ஆளைக் கொன்றுவிட்டது என்று பெண் போலீஸ் அதிகாரி கண்டுபிடிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, வாசகன் என்றால் இளிச்சவாயனா, புகை வந்தால் நாற்றம் தெரியாதா, இருமிக்கொண்டு வெளியே வரமாட்டாளா என்று ஓரத்தில் பென்சிலால் "நம்பும்படி இல்லை" என்று எழுதினேன். பக்கத்தைத் திருப்பினால் அந்த அதிகாரி எனக்கே பதில் சொல்வது போலச் சொல்கிறாள், அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது என்று. செத்தவளின் அக்கா அழுதுகொண்டே சொல்கிறாள், ஒரு மாதமாகக் காலையில் குளித்தால் தலைவலி என்பாள், குமட்டல் என்பாள், வேலைக்குப் போனால் சரியாகிவிடும், லீவு நாளில்தான் ரொம்பப் படுத்தும் என்று.

பாப்பா, அந்த வரியைப் படிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறையில் வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ரொம்ப நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமை அவளுக்கு லீவு, வாரத்துத் துணியெல்லாம் நம் கேஸ் கீசர் வெந்நீரில் ஊறவைத்துத் துவைப்பாள். நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. என்னோடுதான் பேச்சு இல்லையே, கோபத்தில் இருக்கிறாள் என்று ஒரு நிமிடம், நிஜமாகவே ஒரு நிமிடம், நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நிமிடத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். அப்புறம் போய்க் கதவைத் தட்டி, "கோபம் இருந்தா திட்டவாவது செய்" என்று கத்தினேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். பிளாஸ்டிக் கதவு, உள்தாழ்ப்பாள் இரண்டு திருகாணியில் நின்றுகொண்டிருந்தது, மூன்றாவது உதையில் பிய்ந்தது. துணிக் குவியல் மேல் சாய்ந்து கிடந்தாள், கண் பாதி திறந்திருந்தது, மேலே கீசர் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு அக்குளில் கை கொடுத்து இழுத்தேன், எப்படி இழுத்தேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டு நர்ஸ் டியூட்டி உடையோடு ஓடி வந்து, "உள்ள வச்சுக்காதீங்க சார், வாசலுக்குத் தூக்குங்க, காத்து படட்டும்" என்று இன்னொரு பக்கம் பிடித்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் அந்தப் பெண்தான்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்து அந்த வாயுவேதான் என்றார்கள். சின்ன வயது டாக்டர், "கரெக்டா கீசர்னு சொன்னீங்களே, எப்படித் தெரிஞ்சுது?" என்றார். நாவலில் படித்தேன் என்றேன். அவர் என்னையும் ஒரு கட்டிலில் படுக்க வைக்கலாமா என்பது போலப் பார்த்தார். கவுன்டரில் அடையாள அட்டை கேட்டார்கள் என்று, நர்ஸ் கையோடு எடுத்து வந்திருந்த அம்மாவின் கைப்பையைத் திறந்தேன். அட்டையோடு நான்காக மடித்த ஒரு சீட்டு வந்தது. அம்மாவின் கையெழுத்து. அவள் பெயர், நம் வீட்டு முகவரி, டிரைவிங் ஸ்கூலிலிருந்து வீட்டுக்கு வர எங்கெங்கே திரும்ப வேண்டும் என்று வரிசையாக, கடைசியில் உன் போன் நம்பர். பன்னிரண்டு வருடமாக அடுத்தவர்களுக்கு ரோடு காட்டிக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள், வீட்டுக்கு வழி எழுதி வைத்திருந்தாள். கவுன்டர் பெண், "சார், கார்டு" என்று மூன்று தடவை கேட்டிருக்கிறாள்.

மத்தியானம் அம்மா கண் விழித்து நர்ஸிடம் தண்ணீர் கேட்ட பிறகு, மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நேரே குளியலறைக்குப் போய் ஸ்டூல் போட்டு ஏறினேன். உனக்கு இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன், மறைத்துப் பழகியதுதான் இந்த வீட்டுக்கு வினையாகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். அந்த வென்டிலேட்டரில் புறா உட்கார்ந்து நாள் பூராவும் குனுகிக்கொண்டிருக்கும், படிக்க விடாது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு அட்டையை அளவாக வெட்டி, இண்டு இடுக்கு இல்லாமல் டேப் ஒட்டி நானே அடைத்தேன். அம்மாவிடம் சொல்லக்கூட இல்லை, நான் குளிப்பது பச்சைத் தண்ணீரில், அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அட்டையைப் பிய்த்தெடுத்தால் ஈரத்தில் ஊறி, ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் "அப்பாவுக்கு" என்று உன் கையெழுத்து. நீ நாவல் அனுப்பிய பெட்டியின் மூடி. ஸ்டூலிலிருந்து இறங்கத் தெரியாமல் அங்கேயே நின்றேன் பாப்பா. நீ உடனே உன் தலையில் இதைப் போட்டுக்கொள்ளாதே. அனுப்பியது நீ, வெட்டி ஒட்டியது நான்.

சாயங்காலம் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதலில் சீட்டைக் காட்டினேன். சொன்னாள். மூன்று வாரம் முன்னால் ஒரு அம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு போகும்போது, தினம் திரும்புகிற முனையில் இடதா வலதா என்று சுத்தமாக மறந்துவிட்டதாம். "எந்தப் பக்கம் போகணும்னு நீங்களே சொல்லுங்க பாக்கலாம்னு, பரீட்சை வைக்கிற மாதிரி அவங்களையே கேட்டுச் சமாளிச்சேன்" என்றாள். மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று ஸ்கூல் முதலாளியிடம் சொல்லியும் விட்டாளாம். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லத்தான் வந்தேன். நீங்க புத்தகத்துல இருந்து தலையத் தூக்கல. அப்புறம் நீங்களே மூளையக் கழட்டி வச்சுட்டியான்னு கேட்டீங்க. சரி, வெளியவே தெரிய ஆரம்பிச்சுடுச்சுன்னு நினைச்சேன்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள், அதுதான் தாங்க முடியவில்லை. நான் அட்டை விஷயத்தைச் சொன்னேன். திட்டட்டும், எழுந்து அறையட்டும் என்று தயாராகத்தான் இருந்தேன். அவள் ஆக்ஸிஜன் முகமூடியை இறக்கிவிட்டு, "அட்டையா?" என்றாள். "வெறும் அட்டையா? அப்ப என் மூளைக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், பக்கத்துக் கட்டில்காரர் பயந்து மணியை அடித்துவிட்டார். மறதியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும், இரண்டு மூன்று மாதம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டோம். கீசரைக் கழற்றியாகிவிட்டது, இனி நான்தான் அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மூன்றாவது நாவலில் இன்னும் நாற்பது பக்கம் பாக்கி, மாடி நர்ஸ் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது, கொலையாளி யார் என்று எனக்குச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், எனக்குத் தெரிந்துகொள்ளத் தைரியம் இல்லை. தலைவலி இல்லாமல் ஆறு நாள் ஆகிறது. நேற்று அம்மா ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, "வாங்க, பக்கத்துல உக்காருங்க, நான் தப்பாப் போனா சொல்லுங்க" என்றாள். எனக்கு எந்த ரோடு எங்கே போகிறது என்று என்ன தெரியும், ஆனாலும் ஏறி உட்கார்ந்தேன். மார்க்கெட் தெரு, பாலம், லாரி ஷெட், ஸ்கூல், மறுபடி வீடு. ஒவ்வொரு முனையிலும் அவள் உதடு அசைவதைப் பார்த்தேன், பாலத்துக்கு அப்புறம் அசையவில்லை. வீட்டு முனைக்கு முந்தின வளைவில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது, சொல்லிக்கொடுப்பவருக்கு என்று என் பக்கம் இருந்த பிரேக்கை நான் பயத்தில் அழுத்திவிட்டேன். கார் குலுங்கி நின்றது. அம்மா திரும்பி, "காலை எடுங்க. எடுத்து மடக்கி வச்சுக்கிட்டு உக்காருங்க. ஓட்டறது நான்" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு அதட்டல் போட்டாள். எத்தனை நாள் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு! காலை எடுத்து மடக்கி வைத்துக்கொண்டேன்.

இதைக் கீழே வைத்ததும் உன் குளியலறையில் வெந்நீருக்கு என்ன வைத்திருக்கிறீர்கள், காற்றுப் போக வழி இருக்கிறதா என்று பார், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார், பார்த்துவிட்டு அப்புறம் போன் பண்ணு. அம்மா எடுப்பாள். என்னைத் திட்டுவதற்கு உன்னிடம் நிறைய வைத்திருக்கிறாள், பொறுமையாகக் கேட்டுக்கொள். வேளைக்குச் சாப்பிடு, தலை வலித்தால் ஒன்றுமில்லை என்று சொல்லாதே. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். அம்மா கை ஈரமாக இருக்கிறதாம், அவளுடைய ஆசீர்வாதத்தையும் என்னையே எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா