காபி டப்பாவில் ஐந்து அணிகள்

மார்ச் 26

இன்று என் சமையலறையில் இருந்தவர்கள்: மகன் லெனார்ட், அவன் மனைவி ஷாரன், பக்கத்து வீட்டு ஸிக்மண்ட், நான். என் கணவர் வால்டர் போய்ச் சேர்ந்த பிறகு, டப்பா மூடும் நாளில் இத்தனை பேர் வந்தது இதுதான் முதல் தடவை. பாசத்தில் வந்த கூட்டம் அல்ல.

நாளை பேஸ்பால் தொடங்குகிறது. எங்கள் பிரிவில் ஐந்து அணிகள். செப்டம்பர் முடிவில் முதலிலிருந்து கடைசிவரை எது எந்த இடத்தில் நிற்கும் என்று ஆளுக்கொரு சீட்டு எழுதி, காபி டப்பாவில் போட்டு மூடியை ஒட்டிவிடுவோம். நாற்பத்தாறு வருஷப் பழக்கம். முதல் இடம் டெட்ராய்ட்டுக்கு. அதில் பேச்சே கிடையாது. வால்டர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மேல நம்ம ஊரை எழுது ஐரீன், மத்தது உன் இஷ்டம்" என்பார்.

ஜனவரியில் நிலவறைப் படியில் விழுந்தேன். அன்றிலிருந்து, வீட்டை விற்றுவிட்டுத் தங்களோடு வரவேண்டும் என்று ஷாரன் சொல்கிறாள், லெனார்ட் தலையாட்டுகிறான். நான்தான் சொன்னேன், டப்பா தீர்மானிக்கட்டும் என்று. என் சீட்டா, லெனார்ட் சீட்டா, எதில் அதிக இடங்கள் சரியோ அவர் பேச்சுப்படி நடப்பது. லெனார்ட் கொஞ்சம் யோசித்து, சமமாக வந்தால் நான் இங்கேயே இருக்கலாம் என்றான். ஸிக்மண்ட் சாட்சி.

நான் பாத்திரம் கழுவும்போது லெனார்ட் பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா, எப்பவும் எழுதுற மாதிரியே எழுது. மாத்தாத."

எதற்கு அப்படிச் சொன்னான்? நான் தோற்கத்தானே? டெட்ராய்ட் போன வருஷம் கடைசி என்று அவனுக்குத் தெரியாதா? பன்னிரண்டு வயதில் என் ஜன்னலை உடைத்துவிட்டு நாய்மேல் பழி போட்டவன். நான் மறக்கவில்லை.

எழுதினேன். டெட்ராய்ட் — ஐந்தாவது.

மே 11

டெட்ராய்ட் மறுபடியும் தோற்றது. கைதட்டினேன். பிறகு ரேடியோவை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். சீ.

ஜூலை 20

டெட்ராய்ட்டுக்குத் தொடர்ந்து எட்டு வெற்றி. ஸிக்மண்ட் வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டான்: "நம்ம பசங்க ஜெயிக்கிறாங்க, நீ ஏன் வயித்துவலிக்காரி மாதிரி நிக்கிற?" என் ஏணியை வாங்கிக்கொண்டு போய்ப் பதினாறு வருஷமாகத் திருப்பித் தராதவன்.

செப்டம்பர் 3

முதல் இடம்.

செப்டம்பர் 28

முடிந்தது. டெட்ராய்ட், கிளீவ்லாண்ட், கான்சாஸ் சிட்டி, மினசோட்டா, சிகாகோ. தெரு முழுக்கக் கார் ஹாரன். ஸிக்மண்ட் டப்பாவைத் திறந்தான்.

என் சீட்டில் கான்சாஸ் சிட்டி மட்டும் சரி. லெனார்ட்டுக்கு மூன்று. அவன் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். போன வருஷம் நான் எழுதிய அதே வரிசை, ஒன்றுகூட மாறாமல். நான் வழக்கம்போல எழுதுவேன், இரண்டு சீட்டும் ஒன்றாகும், சமமாகும், நான் வீட்டிலேயே இருப்பேன் — அதற்குத்தான் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கிறான். ஷாரன் காதில் விழாமல் சொல்லியிருக்கிறான்.

என் சீட்டை அவன் எடுத்துப் பார்த்தான். "நீயாம்மா நம்ம ஊரைக் கடைசில போட்ட?"

பிறகு, அதெல்லாம் விளையாட்டு, இங்கேயே இரு என்றான். மாட்டேன் என்றேன். சாட்சி வைத்துக் கொடுத்த வார்த்தை. அவன் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த வீட்டில் நான் எப்படிக் காலை நீட்டிப் படுப்பேன்?

அக்டோபர் 9

பெட்டி கட்டியாகிவிட்டது. டப்பா மடியில் இருக்கிறது. லெனார்ட் காரில் காத்திருக்கிறான், ஹாரன் அடிக்கவில்லை. அவனை மன்னித்துவிட்டேன், ஜன்னலையும் சேர்த்து. ஸிக்மண்ட் காலையில் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்திவிட்டுப் போனான். ஷாரனைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன்.

சீட்டு எழுதிய அன்றைக்கு என் தோளுக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டியவர் ஒருவர் இருந்தார். பென்சில் ஐந்தாவது வரிக்கு இறங்கியபோது என் கையைப் பிடித்திருக்க வேண்டியவர். எங்கே போனார்?

வால்டரை மட்டும் மன்னிக்க மாட்டேன்.